எல்லாவற்றுக்கும் ஆமா

ஜூன் 9, செவ்வாய்

காலை மாத்திரைகள் கொடுத்தாயிற்று. வலது கைக்கு ரப்பர் பந்துப் பயிற்சி. பாதியில் சலித்துப்போய்ப் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் உருட்டினாள். வேண்டுமென்றேதான். அந்த முகம் எனக்குத் தெரியும்.

பக்கவாதம் என் மனைவியின் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கால் தேவலை. ஊன்றுகோலோடு கூடம் வரைக்கும் நடக்கிறாள். நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, அதில் சந்தேகம் வேண்டாம் என்கிறார் டாக்டர். பதில் சொல்லத்தான் வரவில்லை. மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல்: "ஆமா."

டீ வேணுமா? ஆமா. டீ வேண்டாமா? ஆமா. ஜன்னலைச் சாத்தவா? ஆமா. சாத்தினால் முறைக்கிறாள்.

மகள் தினமும் தொலைபேசியில் கேட்கிறாள்: "அம்மா, நான் பேசறது கேக்குதா?" "ஆமா." மகள் அழுகிறாள். அந்த ஆமா உண்மையானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எப்படி உறுதி செய்வது? கல்லூரியில் தர்க்கவியல் நடத்திப் பிழைத்தவன் நான். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வந்தால் அது பதிலே அல்ல என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சோதனைக்காக இன்று கேட்டேன்: "நான் ஒரு அசடுதானே?"

"ஆமா." உடனே, அதாவது யோசிக்காமல். பிறகு சிரித்தாள். வாயின் இடது பக்கம் மட்டும்.

ஜூன் 11, வியாழன்

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து கோப்பையைக் காட்டி "இது என்னம்மா?" என்று கேட்டாள். ஆமா.

ஜூன் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

நான் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தேன். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தாள். முதலில் வெறும் முனகல். வலியோ என்று திரும்பினேன். பிறகு வார்த்தைகள் வந்தன.

*கரை தெரியவில்லை, காற்றும் ஓயவில்லை —*
*ஆனாலும் என் படகில் நீர் இருக்கிறீர்.*

முழுதாக, ஒரு எழுத்து பிசகாமல். இவள் எழுதி இவள் இசையமைத்த பாட்டு. குரல் பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் "படகில்" என்ற இடத்தில் எப்போதும் ஒரு சின்னச் சறுக்கல் கொடுப்பாள், அது அப்படியே இருந்தது.

"உனக்குப் பேச்சு வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றாள். வேறு எதுவும் வரவில்லை. கோப்பையைக் காட்டினேன். "ஆமா, ஆமா." அவளே சோர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

மடித்த துணிகளை எல்லாம் மறுபடியும் பிரித்து மடித்திருக்கிறேன். எப்போது பிரித்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 17, புதன்

பேச்சுப் பயிற்சிப் பெண் ஆச்சரியப்படவில்லை. "இப்படி நிறைய பேருக்கு வரும் சார். பேச்சுக்கு மூளையில ஒரு பக்கம், பாட்டுக்கு இன்னொரு பக்கமும் கைகொடுக்கும். இவங்க வாழ்க்கை பூரா பாடினவங்க வேற. வழி தேய்ஞ்சு போய் இருக்கு, அதான் வார்த்தை தானா நடந்து வருது."

"அப்போ என்ன சொல்றோம்னு தெரிஞ்சு பாடறாளா?"

"தெரியும். ஆனா அவங்க நினைச்ச இடத்துல நிறுத்தறதும் நினைச்ச இடத்துல திரும்பறதும் கஷ்டம். சில நேரம் ஒரே வரியில மாட்டிக்குவாங்க. தேய்ஞ்ச ரெக்கார்டு மாதிரி. அப்போ தோளைத் தொடுங்க, தண்ணி குடுங்க. பயந்துடுவாங்க."

அவள் சொன்னபடியே மாலையில் நடந்தது. முதல் வரி முடிந்ததும் மறுபடி முதல் வரி. மறுபடி அதே வரி. கண் என்னைத் தேடியது. இடது கை போர்வையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. தோளைத் தொட்டதும் மூச்சு வாங்கி நின்றது. தண்ணீர் குடித்தாள். என் கையை விடவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், எங்கள் மகளைவிட இளையவர். இவளுடைய பாட்டைக் கேட்டுத்தான் தான் ஊழியத்துக்கு வந்ததாக மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறார். படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபித்தார். ஆமென் சொன்னதும் இவள் பாட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு அடிகளும், சிக்கலில்லாமல்.

பாஸ்டர் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதார். "அற்புதம் ஐயா. பேச்சை எடுத்துக்கிட்டவர் பாட்டை விட்டுவச்சிருக்கார் பாருங்க."

இவள் பாட ஆரம்பித்து நாற்பது ஆண்டு நிறைவதற்கு ஆகஸ்டில் ஒரு நன்றி ஆராதனை வைப்பது என்று நோய்க்கு முன்னாலேயே முடிவாகியிருந்தது. இவள் இல்லாமல் எப்படி நடத்துவது என்று குழம்பிக்கொண்டிருந்தார்களாம். பாஸ்டர் இவள் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அன்னைக்கு மேடையில ஒரே ஒரு பாட்டு. பாடுவீங்களா?"

"ஆமா."

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

ஜூன் 24, புதன்

பத்திரிகை ஒன்றுக்கு இவளுடைய வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று சபை அலுவலகத்தில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்டது இவளுடைய பாட்டை அல்ல. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். "எந்த நம்பர் வேணும்?" என்ற அந்த மூன்று சொல்லுக்காகவே தூரத்து நண்பனை அடிக்கடி கூப்பிட்டேன். அவன் கடைசியில், "உனக்கு என்னோட பேச என்னடா இருக்கு?" என்று கேட்டான். சரியான கேள்வி.

பாட ஆரம்பித்தது கல்யாணத்துக்குப் பிறகு. மருத்துவமனை வார்டுகளில், சிறையில், பிறகுதான் சபைகளில். இவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் ஒரு வரி சனங்களுக்குப் பட்டுவிட்டது என்று தெரிந்தால் அதிலேயே நின்றுவிடுவாள். அதே வரி, மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஒரு இழை மாற்றி. வாசிப்பவர்கள் அவளைத் தாண்டிப் போகக் கூடாது. "நான் நிக்கற வரைக்கும் நில்லுங்க. நான் நகர்ந்தா நகருங்க" — வாத்தியக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்று எந்தச் சபைக்குப் போனாலும் பாடகர்கள் இப்படித்தான் ஒரு வரியில் நிற்கிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று இவளும் நினைத்ததில்லை.

நான் எப்போதும் மேடைக்குக் கீழே, பக்கவாட்டுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில். வெந்நீர் ஃபிளாஸ்க், சால்வை, வீட்டுச் சாவி. எனக்கு நம்பிக்கை உண்டு, உறுதி கிடையாது. இவளுக்கு இரண்டும் இருந்ததால் என்னுடைய குறை வெளியே தெரியவில்லை.

ஜூலை 3, வெள்ளி

பாஸ்டரிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். சொல்ல வேண்டியவற்றை வழியில் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, அந்த "ஆமா" சம்மதம் அல்ல. இரண்டு, வரியில் மாட்டிக்கொள்ளும் அபாயம். மூன்று, அவளே தெளிவாகத் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும் வரை காத்திருக்கலாம்.

மூன்றையும் சொன்னேன் என்றே நினைக்கிறேன். ஆனால் என் குரல் எப்போதும்போலத் தரையைப் பார்த்துப் போயிற்று.

"ஐயா, நீங்க சொல்றது சரிதான். நான் மறுக்கலை. ஆனா அம்மா நாற்பது வருஷமா மேடை வேண்டாம்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லை."

"காய்ச்சல்ல பாடினாங்க. உங்க மாமியார் இறந்த வாரம் பாடினாங்க. இன்னைக்குக் கேட்டா ஆமான்னு சொல்றாங்க. நாம எப்படி அதை இல்லைன்னு எடுத்துக்கறது?"

கெட்டிக்காரர். என் வகுப்பில் இருந்திருந்தால் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன். அவர் சொன்னதில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எந்த இடத்தில் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது: முன்பு அவளால் இல்லை என்று சொல்ல முடியும்.

திரும்பிப் போகவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் நிற்கவில்லை. இன்று ஒரு பஸ் ஓட்டுநர். முன்பின் தெரியாதவர். சிறையில் இருந்தபோது இவள் வந்து பாடினாளாம். "அந்தப் படகுப் பாட்டுங்க. பாடிட்டு, 'இங்க யாருக்கும் கரை தெரியாது, எனக்கும் தெரியாது, சும்மா உக்காந்திருப்போம்'னாங்க. வேற யாரு வந்தாலும் திருந்துன்னு சொல்லுவாங்க. இவங்க மட்டும் உக்காருன்னு சொன்னாங்க."

இவளைப் பார்த்து, "நான் வெளியே வந்துட்டேம்மா. பஸ் ஓட்டறேன்," என்றார்.

"ஆமா," என்றாள் இவள். கண்ணில் நீர்.

இப்படி ஒருத்தியை மேடைக்குப் போகாதே என்று தடுக்க நான் யார்? ஃபிளாஸ்க் பிடித்தவன்.

ஜூலை 20, திங்கள்

அம்மாவை மேடைக்கு விடலாமா என்று மகளிடம் கேட்டேன்.

"அப்பா, அம்மா மேடையில பயந்துடுவாங்கன்னு பயப்படறீங்களா, இல்ல, அப்படி ஏதாவது ஆனா நீங்க எழுந்து போகணுமேன்னு பயப்படறீங்களா?"

இவளுடைய மகள்தான். "மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுக்கணும்," என்று வைத்துவிட்டேன். மழை வரவில்லை.

ஆகஸ்ட் 1, சனி

ஒத்திகை. கீபோர்டு வாசிப்பவர் இவளோடு பதினாறு வயதிலிருந்து வாசிக்கிறார். இப்போது தலை நரைத்துவிட்டது, இன்னமும் எல்லோருக்கும் கீபோர்டு தம்பிதான். பாடகர் குழுவில் மூத்தவரான சைரன் அக்காவும் வந்திருந்தார். அந்தப் பெயர் இவள் வைத்தது. குரலைக் கேட்டால் தெரு முழுக்க வழிவிடும்.

இவள் நாற்காலியில் உட்கார்ந்து பாடினாள். நன்றாகப் பாடினாள். இரண்டு சரணமும், சிக்காமல்.

"பார்த்தீங்களா அண்ணா, நீங்கதான் வீணா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தீங்க," என்றார் சைரன் அக்கா.

நான் தவறாகக் கணித்திருக்கலாம். பல விஷயங்களில் கணித்திருக்கிறேன். இவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

வெள்ளைப் புடவையும் சாம்பல் நிறப் புடவையும் எடுத்துக் காட்டினேன். இரண்டுக்கும் ஆமா.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 10, திங்கள்

அரங்கம் நிரம்பி வெளியேயும் நாற்காலி போட்டிருந்தார்கள். இளைய பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து இவளுடைய பாட்டுகளைப் பாடினார்கள். இவள் இடது கையால் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் தாளம் பிசகியபோது முகத்தைச் சுளித்தாள். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது.

கடைசியில் இவள். மைக்கை இடது கையில் கொடுத்தார்கள். முதல் சரணம் சரியாகப் போயிற்று. சனங்கள் எழுந்து நின்றார்கள். இரண்டாம் சரணத்துக்குப் போகவேண்டிய இடத்தில் "கரை தெரியவில்லை" என்று முதல் வரிக்குத் திரும்பினாள். கீபோர்டு தம்பி அவளோடு திரும்பினார். மறுபடியும் கரை தெரியவில்லை. அவர் நின்றார். எல்லோரும் நின்றார்கள். அப்படித்தானே அவர்களுக்குப் பழக்கம். அவள் நகரும் வரை நகரக் கூடாது.

மறுபடியும். மறுபடியும். கைகள் உயர்ந்தன. அழுகை. முன்வரிசையில் ஒருவர் முழங்காலில் விழுந்தார். பாஸ்டர் கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கி, "ஆவியானவர் இறங்குறார், தடை பண்ணாதீங்க, தடை பண்ணாதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் யாரும் நடிக்கவில்லை. இது எழுதப்பட வேண்டும். அவள் நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள்.

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். என்னைத் தேடுது. மைக்கைப் பிடிச்ச விரல் எல்லாம் வெளுத்துப் போச்சு. இழை மாறவே இல்லை — ஒவ்வொரு தடவையும் ஒரு இழை மாற்றிப் பாடறவ, அச்சடிச்ச மாதிரி அதே குரல், அதே மூச்சு. யாருக்கும் கேக்கலையா? இத்தனை காது இருக்கே, ஒண்ணுக்குக்கூடக் கேக்கலையா?

படிக்கட்டு ஓரமாகப் போய்க் கீபோர்டு தம்பியிடம் சொன்னேன். "நிறுத்துங்க. அவளால முடியல." அவர் கண்ணைத் திறக்காமல், "ஐயா, அம்மா நிக்கறாங்க ஐயா. நிக்கட்டும்," என்றார்.

அப்புறம் நான் ஏறிட்டேன். எப்படி ஏறினேன்னு தெரியல. மேடையில் விளக்கு கண்ணைக் குத்தியது. அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன். "போதும்," என்றேன். மைக் என் கையில் இருப்பதை மறந்துவிட்டேன். அரங்கம் முழுவதும், வெளியே நாற்காலிகள் வரை, என் குரல். "போதும். அவளால நிறுத்த முடியல."

வாத்தியம் நின்றது. கைகள் அப்படியே உயர்ந்தபடி இருந்தன. அந்த அமைதியில், மைக் இல்லாமல், சின்னக் குரலில், அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். கரை தெரியவில்லை. கரை தெரியவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

தோளில் கை வைத்தேன். நின்றது. தண்ணீர் ஊற்ற ஃபிளாஸ்க்கைத் தேடினேன், கீழேயே விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது, என் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 12, புதன்

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறாள். சாப்பிடுகிறாள். மாத்திரை போட்டுக்கொள்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை. பாடுவதும் இல்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

சைரன் அக்கா தொலைபேசியில் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்கு.

"நாற்பது வருஷம் கீழேயே நின்னீங்களே அண்ணா. ஏறணும்னு தோணினது அன்னைக்குத்தானா? அத்தனை பேர் முன்னாடி அவளைக் குழந்தை மாதிரி ஆக்கிட்டீங்க. மெதுவா போய்க் காதுல சொல்லக் கூடாதா? மைக்கைப் பிடுங்கணுமா?"

மெதுவாகப் போயிருக்கலாம். தோளைத் தொட்டிருந்தாலே போதும் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். ஏன் மைக்கைப் பிடுங்கினேன்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதுதான் அதிகம் அரிக்கிறது. மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பார்த்தேன் என்கிறேன். பயந்தவன் எல்லோர் கண்ணிலும் பயத்தைத்தான் பார்ப்பான். ஒருவேளை கரை தெரியாத அந்த வரியில் அவள் விரும்பித்தான் நின்றாளோ? கேட்கலாம். கேட்டால் ஆமா என்பாள்.

ஆகஸ்ட் 19, புதன்

பாஸ்டரும் கீபோர்டு தம்பியும் வந்தார்கள். பாஸ்டர் உட்காரவில்லை.

"நான் கண்ணை மூடிட்டு இருந்தேன் ஐயா," என்றார். "அவங்க முகத்தைப் பார்க்கவே இல்லை. நீங்க ஒருத்தர்தான் கண்ணைத் திறந்து வச்சிருந்தீங்க."

"நானும் சரியாத்தான் பார்த்தேனான்னு தெரியலை," என்றேன்.

"அதையும் யோசிச்சேன்," என்றார். பொய்ச் சமாதானம் சொல்லவில்லை. அதற்காக அவர்மீது மரியாதை கூடியது.

அவர் போன பிறகும் கீபோர்டு தம்பி போகவில்லை. செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக வாசலில் நின்றார். "அம்மா இனிமே பாடவே மாட்டாங்களா ஐயா?"

"தெரியாது. தனியா முன்னால போனா மாட்டிக்கறா."

இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தவறாக இருக்கலாம். தயங்கித்தான் சொன்னேன். "நீங்க நிக்காம போனா என்ன? அவளுக்காகக் காத்திருக்காம, அடுத்த வரிக்கு நீங்க போயிட்டா?"

அவர் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர்போல என்னைப் பார்த்தார். "அம்மாவைத் தாண்டியா?"

ஆகஸ்ட் 26, புதன்

பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். கூட யாராவது பாடினால் பலருக்குச் சுலபமாக இருக்குமாம். முயன்று பார்க்கலாம் என்றாள். அவளே வேறொரு வேலையும் ஆரம்பித்திருக்கிறாள். மேசையில் இடது கையால் தட்டவைத்து "இல்-ல, இல்-ல" என்று சொல்ல வைக்கிறாள். இவள் தட்டுகிறாள். "ஆ-மா," என்கிறாள்.

மாலையில் கீபோர்டு தம்பி வாத்தியத்தோடு வந்தார். கூடத்தில் வைத்து வாசித்துக்கொண்டே பாடினார். இவள் சுவரிலிருந்து திரும்பினாள். முதல் வரியில் சேர்ந்துகொண்டாள். முதல் வரிக்குத் திரும்பினாள். அவர் திரும்பாமல் இரண்டாம் வரிக்குப் போனார்.

மடியில் இருந்த துண்டைச் சுருட்டி அவர் மூஞ்சியில் எறிந்தாள். இடது கையால் நல்ல குறி.

"விடுங்க ஐயா," என்றார், துண்டை மடித்துக்கொண்டே. "ஒரு தடவை என்மேல பாட்டுப் புத்தகத்தையே எறிஞ்சிருக்காங்க. அட்டை போட்ட புத்தகம்."

இவள் சிரித்துவிட்டாள். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு முதல் தடவை.

செப்டம்பர் 3, வியாழன்

இன்றும் துண்டு.

செப்டம்பர் 10, வியாழன்

இன்று சேர்ந்து போனாள். முதல் வரிக்குத் திரும்பி, அவர் அங்கே இல்லை என்று கண்டு, ஒரு கணம் தடுமாறி, ஓடிப்போய் "ஆனாலும் என் படகில்" என்ற இடத்தில் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. முடிந்ததும் அவளும் முடித்தாள். போர்வையைச் சுருட்டவில்லை.

கீபோர்டு தம்பி மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனக்கு இன்னும் சரிப்படலை ஐயா. ஏதோ பெரியவங்களை முந்திக்கிட்டுப் பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு," என்றார்.

இவளைப் பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்கை ஒத்துக்கொண்டவளின் முகம். வழிநடத்தினவள் பின்னால் போவது எளிதா என்ன?

செப்டம்பர் 20, ஞாயிறு

காலையில் அவளே சாம்பல் நிறப் புடவையை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். சபைக்கு என்று புரிந்தது.

சீக்கிரமே போனோம். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று நான் நினைத்தேன்; ஏதாவது ஆனால் உடனே வெளியே கூட்டிவரலாம். அந்த வரிசையில் அவளை நிறுத்தி, "இங்க உக்காரலாம், வா," என்றேன்.

ஊன்றுகோலால் தரையில் இரண்டு தட்டு. "இல்-ல."

சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "என்ன?"

"இல்ல." இப்போது தட்டாமல். எரிச்சலோடு. நடுவில் நடந்து போய் மூன்றாம் வரிசையில், சைரன் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சைரன் அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே பெரிய செய்தி.

படகுப் பாட்டையே பாடினார்கள். கீபோர்டு தம்பி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார் போலும். இரண்டாம் சரணத்தில் இவள் பழைய வரிக்குத் திரும்பினாள். தனியாக, தெளிவாக, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. என் கை முன்னிருக்கையைப் பிடித்தது. யாரும் நிற்கவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. சைரன் அக்கா இவள் பக்கம் திரும்பாமலே குரலை ஒரு படி ஏற்றினார். அத்தனை சனங்களும் சரணத்தை நடத்திப்போக, இவள் தலையை நிமிர்த்தி, கேட்டு, போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் பாடுவது எல்லாம் இவளிடம் கற்றதுதான். அந்தச் சறுக்கலைக்கூட எல்லோரும் சேர்ந்து கொடுத்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 24, வியாழன்

இப்போது இரண்டு சொல் இருக்கிறது. கேட்கலாம். நான்கு நாளாகக் கேட்கப் போவதும் வேறு ஏதாவது கேட்டுவிட்டு வருவதுமாக இருந்தேன்.

இன்று மாலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு மேடையில நான் மைக்கைப் பிடுங்கினது தப்பா?"

நெடுநேரம் என்னைப் பார்த்தாள். "ஆமா."

சரி. எதிர்பார்த்ததுதான். ஆனால் பழக்கதோஷம், மறுபக்கத்தையும் சோதிக்காமல் விட முடியவில்லை. "அப்போ நான் வராமலே இருந்திருக்கணுமா?"

தலையை ஆட்டினாள். சொல்லைத் தேடினாள். உதடு "ஆ" என்று குவிந்ததும் தானே நிறுத்தி, கண்ணை மூடி, முழங்காலில் இரண்டு தட்டு தட்டினாள். "இல்ல."

"மாட்டிக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா." பிறகு இடது கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். இரண்டு பதிலும் உண்மையாக இருக்க முடியும். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. மாணவன் யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

நான் கேட்ட விதத்தில் பிழை இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. எழுந்துகொண்டே கடைசியாக ஒன்று கேட்டேன். "டாக்டர் சொன்னாரே, உப்பில்லாத காய்கறி சூப். வைக்கட்டுமா?"

"இல்ல. இல்ல."

வைக்கவில்லை.